வீட்டை விட்டு வெளியேறாமல் பாதுகாப்புப் பெற முடியுமா?

கேள்வி: என் தங்கைக்குத் திருமணமாகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன, இரண்டு குழந்தைகள். கணவர் அடிப்பதும், அவள் சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. பெரியவர்களை வைத்து இரண்டு முறை பேசியும் பயனில்லை. போலீஸுக்குப் போனால் அவர் வேலை போய்விடும் என்று தங்கை அஞ்சுகிறாள். வீடு மாமியார் பெயரில் இருப்பதால், வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது என்கிறாள். அக்காவாக நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் தங்கையின் இரண்டு அச்சங்களுக்கும் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் விடை இருக்கிறது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள இந்தச் சட்டத்தின்படி குற்றவியல் நடுவரிடம் கொடுக்கும் மனு, கணவரைச் சிறைக்கு அனுப்பக் கேட்கும் மனு அன்று. அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, பணியிடத்துக்கு வந்து தொல்லை தரக் கூடாது என்று உத்தரவிடக் கேட்கும் மனு. அந்தப் பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் இந்தச் சட்டப்படி அது குற்றமாகிறது. அதற்கு ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். சம்பளத்தைப் பிடுங்குவதையும் இச்சட்டம் பொருளாதார வன்முறை என்றே சொல்கிறது.

வீட்டைப் பொறுத்தவரை, 17-ஆவது பிரிவு தெளிவானது. மணவாழ்வில் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்குவதற்கு அவளுக்கு உரிமை உண்டு; மாமனார் மாமியார் பெயரில் உள்ள வீடும் அப்படிப்பட்ட வீடாகலாம் என்று சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது சொத்துரிமை ஆகாது. ஆனால் உரிய சட்ட நடைமுறை இல்லாமல் அவளை வெளியே தள்ள முடியாது.

மாவட்டச் சமூகநல அலுவலகத்தின் வழியாகப் பாதுகாப்பு அலுவலரை அணுகுங்கள். அவரே நடந்ததைப் பதிவு செய்து, மனு கொடுக்கவும் உதவுவார். தகவலை நீங்களும் தெரிவிக்கலாம்; நல்லெண்ணத்துடன் தெரிவிப்பவர் மீது பொறுப்பு எதுவும் வராது. 181 என்ற மகளிர் உதவி எண் எந்நேரமும் இயங்குகிறது. வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்குக் கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தரும். முதல் விசாரணை பொதுவாக மூன்று நாட்களுக்குள் நடக்க வேண்டும், அதிலிருந்து 60 நாட்களில் மனுவை முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அது பலமுறை நீண்டுவிடுகிறது. ஆகவே 23-ஆவது பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவையும் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.

ஆவணங்களைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நான் பார்த்த வழக்குகள் பலவும் இங்கேதான் தடுமாறின. கை எலும்பு முறிந்த ஒரு பெண்ணின் மருத்துவமனை விபத்துப் பதிவேட்டு நகலை எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் நீட்டியது. அதில் ஒரே வரி: ‘குளியலறையில் வழுக்கி விழுந்ததாகக் கூறப்படுகிறது.’ மருத்துவர் கேட்டபோது பதில் சொன்னவர் பக்கத்தில் நின்ற கணவர். அவள் வாய் திறக்கவே இல்லை. அந்த ஒரு வரியைத் தாண்டி உண்மையை நிலைநாட்ட நாங்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. எனவே உங்கள் தங்கை சிகிச்சைக்குப் போகும்போது கூடவே போங்கள். கணவர் இல்லாத இடத்தில் மருத்துவரிடம் அவள் பேச வழிசெய்து, யார் அடித்தார், எதனால் அடித்தார் என்பதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். காயங்களின் படங்களை அவள் உங்களுக்கு அனுப்பிவிட்டுத் தன் கைப்பேசியிலிருந்து நீக்கிவிடட்டும், ஏனெனில் அந்தக் கைப்பேசியைக் கணவர் எப்போது வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கக்கூடும். காவல் நிலையத்தில் எப்போதாவது மனு கொடுக்க நேர்ந்தால், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

மூன்றாவது முறையாகப் பெரியவர்களைக் கூட்ட வேண்டாம். அன்றிரவு அதே வீட்டுக்குத் திரும்பவேண்டியவள் அந்தச் சபையில் உண்மையை முழுதாகச் சொல்லமாட்டாள். சொல்லிவிட்டால் அதற்கும் அடி விழும். அதேபோல், ‘உடனே கிளம்பி வா’ என்று நீங்களும் அவளை நெருக்க வேண்டாம். எப்போது, எப்படி என்பதை அவளே முடிவு செய்யட்டும். கணவர் ஏற்கெனவே பறித்துக்கொண்ட அந்த உரிமையை அக்காவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவள் சொல்வதை நம்புகிறீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அவளே முடிவு செய்யட்டும் என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. அவர் என்றைக்காவது கழுத்தை நெரித்திருக்கிறாரா, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறாரா என்று தனிமையில் கேளுங்கள். கழுத்தை நெரிப்பது, அடுத்தது கொலையில் முடியக்கூடும் என்பதற்கான மிகக் கடுமையான எச்சரிக்கை. வெளியே தழும்பு தெரியாவிட்டாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்த நிலையில் வேலை போகுமா என்று யோசிக்காமல், அவசர உதவி எண்ணான 112-ஐ அழையுங்கள். குழந்தைகளோடு அவள் அங்கிருந்து வெளியேற உதவுங்கள். உங்கள் வீட்டில் தற்காலிகமாகத் தங்கினாலும் உங்கள் ஊர் நீதிமன்றத்திலேயே அவள் மனு கொடுக்க முடியும். விட்டுவந்த நகைகளையும் சான்றிதழ்களையும் அந்த மனுவிலேயே திரும்பக் கேட்கலாம். ஆதார், வங்கிப் புத்தகம், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை மட்டும் இந்த வாரமே உங்கள் வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.