மகளுக்கு 12 வயசு, என்.எச்.எஸ் ஆப்ல கணக்கு திறக்க மாட்டேங்குதே?

இங்கிலாந்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. என்.எச்.எஸ்ங்கறது அங்க இருக்கற அரசு மருத்துவ சேவை. மகளுக்கு ஆஸ்துமா, இன்ஹேலர் ஆர்டர் பண்ண அவ பேர்லயே ஆப்ல கணக்கு திறக்கப் பார்த்தா வயசு பத்தாதுன்னு வருதாம், பிறந்த வருஷத்தை ஒண்ணு முன்னாடி போட்டா வேலை ஆயிடுமான்னு கேக்கறாங்க.

தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. சொந்தக் கணக்குக்கு 13 வயசு முடிஞ்சிருக்கணும், அதோட நீங்க போடற பேரு, பிறந்த தேதி, போஸ்ட்கோடு எல்லாத்தையும் ஜிபி சர்ஜரில, அதாவது நீங்க பதிஞ்சிருக்கற குடும்ப டாக்டர் கிளினிக்ல, இருக்கற பதிவோட ஒத்துப் பார்ப்பாங்க, தேதி மாறுனா அங்கயே நின்னுடும்.

உங்களுக்கு இப்போ வேண்டியது ப்ராக்ஸி ஆக்சஸ். அதாவது உங்க கணக்கு வழியாவே மகளோட விஷயத்தையும் பார்க்கறது. சர்ஜரி ரிசப்ஷன்ல ஃபார்ம் கேளுங்க, உங்க ஐடியும் அவ பர்த் சர்டிஃபிகேட்டும் கையில எடுத்துட்டுப் போங்க. ஆனா குடுக்கறதா வேணாமான்னு முடிவு பண்றது சர்ஜரிதான், அதுவும் 11 வயசுக்கு மேலன்னா பல இடத்துல யோசிப்பாங்க, மகள்கிட்ட தனியா பேசணும்னு கூட சொல்லலாம். கோவப்படாதீங்க. 16 வயசுக்குக் கீழ இருந்தாலும் விஷயம் புரியற பிள்ளை தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் சொல்லலாம்னு 1985ல கில்லிக் வழக்குல, அப்போ அங்க உச்ச நீதிமன்றமா இருந்த பிரபுக்கள் சபையோட தீர்ப்பு இருக்கு, அந்த வயசுப் பிள்ளை டாக்டர்கிட்ட சொல்றது எல்லாம் வீட்டுக்குத் தெரிஞ்சிடும்னா அப்புறம் வாயே திறக்காது. என்னைக் கேட்டா, "மருந்து ஆர்டர் மட்டும் போதும், மத்த குறிப்பு எனக்கு வேணாம்"னு நீங்களே முதல்ல சொல்லிடுங்க, அவங்களுக்கும் சரின்னு சொல்றது சுலபம், மகளுக்கும் உங்க மேல நம்பிக்கை வரும்.

13 ஆனதும் அவளுக்குன்னு தனி ஈமெயில் வேணும், உங்களோடது ஏற்கனவே உங்க கணக்குல இருக்கறதால அதை எடுக்காது. வெறும் ஈமெயிலும் ஃபோன் நம்பரும் குடுத்தா பொதுவான தகவல்தான் தெரியும், மருந்து ஆர்டர் பண்ணணும்னா பாஸ்போர்ட் மாதிரி ஃபோட்டோ ஐடியைப் படம் எடுத்து, முகத்தையும் ஸ்கேன் பண்ணி அடையாளத்தை நிரூபிக்கணும்.

நம்ம ஆளுங்க மாட்டிக்கறது இங்கதான். பாஸ்போர்ட்ல அப்பா பேரு கடைசிப் பேரா இருக்கும், சர்ஜரில சேர்க்கும்போது யாரோ அதையே முதல் பேரா மாத்திப் போட்டிருப்பாங்க, இல்லன்னா இனிஷியல் மட்டும் இருக்கும், எத்தனை தடவை ஸ்கேன் பண்ணாலும் ஒத்துப்போகலன்னுதான் வரும். ஃபோன்ல குறை இல்ல, பதிவுலதான் குறை. ப்ராக்ஸி ஃபார்ம் குடுக்கப் போறப்பவே பாஸ்போர்ட்டையும் காட்டி, பேரு எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கான்னு பார்த்து திருத்தச் சொல்லிட்டு வந்துடுங்க. பழைய வீட்டு போஸ்ட்கோடு இருந்தா அதையும்.

இதெல்லாம் முடியற வரைக்கும் இன்ஹேலர் தீரட்டும்னு காத்திருக்காதீங்க, ரிப்பீட் சீட்டை (வழக்கமான மருந்தை மறுபடி கேக்கற சீட்டு) சர்ஜரில நேரா குடுக்கலாம், திடீர்னு தீர்ந்துபோய் சர்ஜரியும் மூடியிருந்தா என்.எச்.எஸ் உதவி எண் 111க்கு ஃபோன் பண்ணி அவசரத்துக்கு மருந்து கேளுங்க, மூச்சே திணறுதுன்னா யோசிக்காம ஆம்புலன்ஸுக்கு 999.