கத்தரிக்கோல் கேட்டு வந்தவர்

வணக்கம்.

நான் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஐந்து. போன மாதம் தோழி ஒருத்தி அனுப்பினாள் என்று இணையத்தில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். பதினெட்டு வயதுக்குள் வீட்டில் அடி வாங்கினீர்களா, அப்பா அம்மா பிரிந்தார்களா, யாருக்காவது குடிப்பழக்கம் இருந்ததா என்று பத்துக் கேள்விகள். எனக்கு ஆறு வந்தது. இவ்வளவு வந்தால் இதய நோய் வரும், ஆயுள் குறையும் என்று கீழேயே போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து தூக்கமில்லை. பிள்ளைகளிடம் கத்திவிடும் ஒவ்வொரு தடவையும், என் அம்மா எனக்குச் செய்ததையே நானும் செய்கிறேனோ என்று பயமாக இருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் சில அம்மாக்கள் சேர்ந்து பிள்ளைகளுக்கு வாரம் ஒருநாள் மீள்திறன் பயிற்சி வகுப்பு நடத்தலாம் என்று நினைக்கிறோம். மூச்சுப் பயிற்சி, என்ன உணர்ச்சி என்று பெயர் சொல்லப் பழகுவது, தோல்வியைத் தாங்குவது, இப்படி. எந்த வயதில் தொடங்கலாம், என்னவெல்லாம் சொல்லித்தரலாம்? மேல்மாடியில் ஒரு பையன் இருக்கிறான், ராத்திரியில் அடி விழும் சத்தமும் அவன் அழுகையும் கேட்கும். அவனைப் போன்றவர்களுக்கும் இந்த வகுப்பு உதவியாக இருக்கும். மற்றபடி அடுத்த வீட்டு விஷயத்தில் நாம் தலையிட முடியாதே.

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதலில் அந்த ஆறைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதானே.

அமெரிக்காவின் சான் டியேகோவில், கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ அமைப்பில் உடல்பருமன் சிகிச்சைப் பிரிவை நடத்திவந்தவர் வின்சென்ட் ஃபெலிட்டி. நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுவிடுவதை 1980களில் அவர் கவனித்தார். கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியபோது, அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. அதிலிருந்து தொடங்கி, ராபர்ட் ஆண்டா என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 17,000 பேருக்கு மேல் விசாரித்தார்கள். நீங்கள் செய்து பார்த்த சோதனை அந்த ஆய்விலிருந்து வந்ததுதான். முதல் கட்டுரை 1998இல் வந்தது. சிறுவயதுத் துன்பங்கள் கூடக்கூட, பிற்பாடு இதய நோயும் குடியும் மனச்சோர்வும் கூடுகின்றன என்று அது காட்டியது. அது பெருங்கூட்டத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு. தனி ஒருவரின் தலையெழுத்தை அதில் தேடக் கூடாது என்று அதே ஆண்டா 2020இல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து எழுதினார். எவ்வளவு காலம் நடந்தது, எவ்வளவு கடுமையாக நடந்தது என்பதெல்லாம் அந்த எண்ணில் வராது. அப்போது உங்களுக்கு யார் துணையாக இருந்தார்கள் என்று அது கேட்பதும் இல்லை. அதை மூடி வையுங்கள்.

கத்துவதைப் பற்றி. கத்தாத அம்மா கிடையாது. கத்திய பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். எட்வர்ட் டிரானிக் என்ற உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். விளையாடிக்கொண்டிருக்கும் அம்மா திடீரென முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் குழந்தையைப் பார்த்தபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்தும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிறகு அம்மா பழையபடி திரும்பி வந்ததும் இரண்டு பேரும் மெல்ல ஒட்டிக்கொள்வார்கள். அறுந்துபோவதும் ஒட்டுவதும் நாள் முழுக்க நடப்பதுதான், ஒட்டவைக்காமல் விடுவதில்தான் ஆபத்து என்பது அவர் சொன்னது. அதனால் கத்தினால் திரும்பிப் போங்கள், பக்கத்தில் உட்காருங்கள், "அம்மா அப்படிக் கத்தியிருக்கக் கூடாது, உன்மேல தப்பில்ல" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் அம்மா அதை ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

வகுப்பா? நடத்துங்கள்.

என்னை உட்காரவிடாமல் செய்தது உங்கள் கடைசி வரிகள். மேல்மாடியில் ஒரு பையனை அடிக்கிறார்கள். அது உங்கள் காதில் விழுகிறது. நீங்கள் அவனுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித்தரப் போகிறீர்கள். இதை ஒரு தடவை சத்தமாகப் படித்துப் பாருங்கள் ர. அடியைத் தாங்கக் குழந்தையைத் தயார் செய்வதற்கு மீள்திறன் என்று பெயர் வைத்தால், அந்தச் சொல்லே எனக்கு வேண்டாம்.

எனக்கு எட்டு வயது இருக்கும். அப்பாவுக்கு வேலை போயிருந்த வருடம். அடிப்பதற்கு முன்னால் அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னல் திட்டில் வைப்பார். அந்த இரும்புப் பட்டை திட்டில் படும்போது ஒரு சின்னச் சத்தம் வரும், அது கேட்டதும் எனக்கு வயிறு இறுகிவிடும், அடி அதற்கு அப்புறம்தான். என்ன தப்பு செய்தேன் என்று யோசிப்பேன். ஏதாவது கிடைக்கும். எட்டு வயதில் எப்போதும் ஏதாவது ஒரு தப்பு கிடைத்துவிடும்.

எதிர்வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தார். சொந்தம் இல்லை, அப்படித்தான் கூப்பிடுவோம். எங்கள் வீட்டில் சத்தம் கூடும்போது கதவு தட்டப்படும். "தம்பி, கத்தரிக்கோல் இருக்குமா?" அப்பாவைத்தான் தம்பி என்பார். அப்பா என்னைப் பார்த்து எடுத்துக்கொடு என்று தலையசைப்பார். நான் போய் எடுத்து வருவேன். பெரியம்மா கத்தரிக்கோலை வாங்கும்போது என் மணிக்கட்டையும் சேர்த்துப் பிடிப்பார், ஒரு நொடி, அப்புறம் விடுவார். உடனே போகவும் மாட்டார். வாசலிலேயே நின்று எதையாவது பேசுவார், தண்ணீர் வரவில்லை, காற்று அடிக்கிறது என்று. பத்து நிமிடம் ஓடிவிடும். அதற்குள் அப்பா கடிகாரத்தை எடுத்துத் திரும்பக் கட்டியிருப்பார்.

மறுநாள் சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகுதான் கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுக்க வருவார். என் முகத்தைப் பார்க்கத்தான் அந்த நேரத்தில் வந்தார் என்பது வளர்ந்த பிறகு புரிந்தது. அவர் வீட்டில் தையல் மிஷின் இருந்தது. எங்களுடையதைவிடப் பெரிய கத்தரிக்கோல் ஒன்று அதன்மேலேயே கிடக்கும். எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். பெரியம்மா கேட்டுக்கொண்டே வந்தார்.

அவர் வராத ராத்திரிகள் உண்டு. அடி அடியோடு நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், குறைந்தது. ஆனால் மிச்சம் விழுந்த அடிகளின்போதுகூட, இது இன்னொருத்தருக்குத் தெரியும், அவருக்கு இது தப்பாகப் படுகிறது என்று ஒரு நினைப்பு உள்ளே இருந்தது. அதற்கு முன்னால் தப்பு என்பது என்னிடம் மட்டும்தான் இருந்தது.

பிற்பாடு இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது திரும்பத் திரும்ப அந்தப் பெரியம்மாதான் எதிரே வந்தார். ஹவாய் தீவுகளில் ஒன்றான காவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் நாற்பது வயது வரைக்கும் தொடர்ந்து பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு வறுமை, சண்டை, குடி, மனநோய் என்று பல துன்பங்கள் ஒன்றாகச் சேர்ந்த வீடு. அப்படிப்பட்டவர்களிலும் மூன்றில் ஒருவர் நல்ல மனிதராக, நம்பிக்கையுள்ளவராக வளர்ந்திருந்தார். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றில் ஒன்று, பெற்றோராக இல்லாவிட்டாலும் பாசத்தோடு கவனித்த ஒரு பெரியவர். பாட்டி, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர், யாரோ ஒருவர். பதின்வயதில் தடம் மாறிப்போனவர்களிலும் பெரும்பாலானோர் நடுவயதுக்குள் மீண்டுவிட்டார்கள். இது உங்களுக்காகவும் சொல்வது ர., அந்த ஆறோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயந்த குழந்தையின் உடம்பில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறும், இதயம் படபடக்கும். பக்கத்தில் நம்பகமான ஒரு பெரியவர் இருந்தால் அது சீக்கிரம் இறங்கிவிடும். யாரும் இல்லாமல் நாள்கணக்கில், மாதக்கணக்கில் ஏறியே இருந்தால் வளரும் மூளையையே அது பாதிக்கிறது. ஹார்வர்டில் ஜாக் ஷான்காஃப் குழுவினர் இதை நச்சு அழுத்தம் என்கிறார்கள். ஒரே மாதிரித் துன்பம் ஒரு குழந்தைக்குத் தாங்கக்கூடியதாகவும் இன்னொன்றுக்கு நஞ்சாகவும் ஆவதில், துணைக்கு ஆள் இருந்ததா இல்லையா என்பதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. குழந்தையின் உள்ளே இருக்கும் சரக்கு என்று நாம் நினைக்கிற மீள்திறனில் பெரும்பகுதி வெளியே, எதிர்வீட்டில் இருக்கிறது.

தலையிட முடியாதே என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் ஒரு காலத்தில் அதைச் சொன்னேன். கல்யாணமான புதிதில் இருந்த வாடகை வீட்டில், பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சிறுமி அழுவாள். நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். பெரியம்மாவின் கையைப் பிடித்து வளர்ந்த ஆள் நான், எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, இருந்தும் வைத்தேன். அவர்கள் என்ன நினைப்பார்களோ, என்னைத் திட்டினால் என்ன செய்வது, நாளைக்கு மாடிப்படியில் எப்படி முகம் பார்ப்பது என்று யோசித்துக்கொண்டே ஏழு மாதம் போயிற்று. ஒருநாள் காலையில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் பெயரைக்கூட நான் கேட்டுவைத்திருக்கவில்லை. இவ்வளவு காட்டமாக எழுதுகிறேன் என்றால் அதனால்தான், உங்கள்மேல் கோபம் இல்லை.

கதவைத் தட்டுவதில் பயன் இருக்கிறது என்பதற்கு இன்னொரு சாட்சி சொல்கிறேன். நியூயார்க் மாநிலத்தில் எல்மைரா என்ற ஊரில், 1970களின் கடைசியில் டேவிட் ஓல்ட்ஸ் ஒரு திட்டம் தொடங்கினார். முதல் குழந்தையைச் சுமக்கும் பெண்களின் வீட்டுக்கு ஒரு செவிலியர் போவார். பிரசவத்துக்கு முன்பே தொடங்கி, குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை. பேசுவார், குழந்தையைப் பார்ப்பார், அம்மாவுக்கு என்ன கஷ்டம் என்று கேட்பார். பதினைந்து வருடம் கழித்துப் பார்த்தபோது, அந்த அம்மாக்கள்மேல் பதிவான குழந்தைக் கொடுமை, கவனியாமைப் புகார்கள் மற்றவர்களுக்கு இருந்ததில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் அம்மா அடிக்கடி அடி வாங்குகிற வீடுகளில் இந்தப் பலன் கிடைக்கவில்லை. அதையும் மனதில் வையுங்கள். மேல்மாடியில் அந்தப் பையனின் அம்மா எப்படி இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா?

சரி, எப்படிப் போவது. நியாயம் கேட்கப் போகாதீர்கள். "ஏன் அடிக்கிறீர்கள்" என்று அந்த நேரத்தில் கேட்டால், நீங்கள் இறங்கியதும் அந்தக் கோபமும் அவன்மேல்தான் விழும். ஏணி கேளுங்கள், டார்ச் கேளுங்கள், சார்ஜர் கேளுங்கள். வாசலில் நில்லுங்கள். பையன் கண்ணில் நீங்கள் பட வேண்டும். மறுநாள் அவன் அம்மாவைத் தனியாகப் பார்த்து, குற்றம் சொல்லாமல், "ராத்திரி ரொம்பக் கஷ்டமா இருந்துதா" என்று கேளுங்கள். பிள்ளைகளோடு தனியாக மல்லாடி, தூக்கமில்லாமல், பணம் இல்லாமல் கை ஓங்குகிறவர்களும் உண்டு, அவர்களுக்கு ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தாலே பாதிச் சத்தம் அடங்கும். ஆனால் உடம்பில் காயம் தெரிந்தால், உயிருக்கு ஆபத்து என்று பட்டால், பாலியல் கொடுமை என்று சந்தேகம் வந்தால் ஏணியும் டார்ச்சும் போதாது, குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல்துறைக்கோ அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். தனியாகப் போகப் பயமாக இருந்தால் வகுப்பு நடத்தச் சேர்ந்த அந்த அம்மாக்களில் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். வாரம் ஒருநாள் ஒன்றுகூட நேரம் இருப்பவர்கள்தானே.

உங்கள் கடிதத்தில் உங்கள் பிள்ளைகளின் வயது இருக்கிறது. அவனைப் பற்றி மேல்மாடிப் பையன் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவன் பெயரைக் கேட்டுவையுங்கள். எனக்கு எழுத வேண்டாம், மாடிப்படியில் பார்க்கும்போது அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வகுப்பைப் பற்றி அடுத்த கடிதத்தில் பேசலாம்.