கர்லர் ஏன் கடிக்கிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

ஒப்பனைக் கருவிகள் பற்றி நீங்கள் எழுதும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். என் இமைமுடி நேராகக் கீழ்நோக்கி இருக்கும். மஸ்காரா போட்டாலும் போட்டதே தெரியாது. அதனால் இமைமுடியை மேல்நோக்கி வளைக்கும் ஐலாஷ் கர்லர் ஒன்றை ஆன்லைனில் 150 ரூபாய்க்கு வாங்கினேன். அது கண்ணின் வெளி ஓரத்தில் தோலைக் கடிக்கிறது. நடுவில் உள்ள முடியோ சரியாகப் பிடிபடுவதில்லை. பலமாக அழுத்தினால் முடி வளையாமல் மடிந்து நிற்கிறது. அதுவும் வேளச்சேரியில் ரயில் ஏறி அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் தொங்கிவிடுகிறது. இமைமுடியெல்லாம் கொட்டிவிடும் என்று அம்மா திட்டுகிறார். ஜப்பான் கர்லர் வாங்கு, ஹேர் டிரையரில் சூடு காட்டிப் பயன்படுத்து என்கிறாள் தோழி. அது இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். அடுத்த மாதம் தங்கையின் திருமணம். என்ன செய்யட்டும்?

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

இரண்டாயிரம் ரூபாயை இப்போதைக்குக் கைப்பையிலேயே வைத்திருங்கள். உங்கள் கர்லர் கடிப்பதற்கும் அதன் விலைக்கும் தொடர்பில்லை. அதன் வளைவு உங்கள் கண்ணின் வளைவைவிட ஆழமானது, அவ்வளவுதான்.

1930களில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலிருந்து ‘கர்லாஷ்’ என்ற பெயரில் ஒரு கர்லர் விற்பனைக்கு வந்துகொண்டிருந்தது. அதன் அடிப்படை அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை: கத்தரிக்கோல் பிடி, வளைந்த மேல் சட்டம், கீழிருந்து எழுந்து வந்து முடியை அதனோடு சேர்த்து அழுத்தும் ரப்பர் பட்டை. ஒன்றுக்கொன்று வேறுபடுவது பெரும்பாலும் சட்டத்தின் அகலமும் வளைவும்தான். சட்டம் கண்ணைவிட ஆழமாக வளைந்திருந்தால் அதன் இரண்டு முனைகளும் முதலில் இமைமேல் போய் உட்காரும். நடுப்பகுதி வேரை எட்டாது. நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான். சட்டம் தட்டையாக இருந்தால் நேர்மாறாக நடக்கும்: நடுவில் இமை நசுங்கும், ஓரத்து முடிகள் வெளியே நிற்கும். ஆக, உங்களுக்குப் பொருந்தாத அந்த 150 ரூபாய்க் கர்லரே இப்போது உங்களுடைய அளவுகோல். அதைக் கையில் வைத்துக்கொண்டு, அதைவிடத் தட்டையாகவும் முடிந்தால் சற்று அகலமாகவும் இருப்பதைத் தேடுங்கள். ஜப்பான் கர்லர் என்று ஒரே ஒரு பொருள் கிடையாது. ஷிசெய்டோ, ஷு உஎமுரா என்ற இரண்டு பிராண்டுகளின் கர்லர்களும் ஜப்பானிலிருந்து வருபவைதான், ஆனால் இரண்டின் வளைவும் ஒன்றல்ல. தோழியின் கண்ணுக்குப் பொருந்தியது உங்களையும் கடிக்கலாம்.

புதிதாக வாங்கியதும் கண்ணருகே கொண்டுபோவதற்கு முன் அதை மூடி, விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பட்டையும் சட்டமும் சேரும் இடத்தில் எங்கேயும் வெளிச்சம் கசியக் கூடாது. பிடியை ஆட்டினால் பக்கவாட்டில் அசையக் கூடாது. பட்டையின் மேற்புறம் லேசாக உருண்டிருப்பது நல்லது. கெட்டியான, தட்டையான பட்டைதான் முடியை வளைக்காமல் மடிக்கிறது. பட்டையில் கோடு விழுந்தாலோ வெடிப்பு கண்டாலோ உடனே மாற்றிவிடுங்கள். மாற்றுப் பட்டை தனியாகக் கிடைக்காத கர்லரை நான் வாங்கச் சொல்ல மாட்டேன், அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும்.

கவரிங் கம்மல் போட்டால் உங்களுக்குக் காது அரித்துப் புண்ணாகுமா? ஆகும் என்றால் உலோகக் கர்லரிலும் கவனம் வேண்டும். இரண்டிலும் வில்லன் பெரும்பாலும் நிக்கல்தான். அரிப்பு உடனே வராது, ஓரிரு நாள் கழித்துக்கூட வரும். அதனால் பலர் மஸ்காராவின் மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்டவர்கள் நிக்கல் இல்லாதது என்று குறிப்பிட்டு விற்பதையோ பிளாஸ்டிக் சட்டம் உள்ளதையோ வாங்கலாம். ரப்பரே ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சிலிக்கோன் பட்டை இருக்கிறது.

பயன்படுத்தும்போது கண்ணாடியை முகத்துக்கு நேரே வைக்காமல் தாழ்வாகப் பிடித்து, முகவாயை உயர்த்திக் கீழே பாருங்கள். அப்போது இமை விரிந்து, தோல் சட்டத்துக்குள் நுழையாது. முடி உள்ளே வந்ததும் முதலில் பாதி மட்டும் மூடி, தோல் சிக்கவில்லை என்று தெரிந்தபின் அழுத்துங்கள். ஒரே இடத்தில் பலமாக அழுத்துவதைவிட, வேருக்கருகே ஒருமுறை, நடுவில் ஒருமுறை, நுனிக்கருகே ஒருமுறை என்று மென்மையாக அழுத்துவதே சரி. ஒவ்வொன்றுக்கும் சில விநாடிகள் போதும். நுனியை நோக்கி நகரும்போது மணிக்கட்டைச் சற்று மேல்நோக்கித் திருப்பினால் முடி மடியாமல் வளையும். பிறகு கர்லரை முழுவதும் திறந்துவிட்டுத்தான் கண்ணிலிருந்து எடுக்க வேண்டும். உங்கள் அம்மாவின் பயத்தில் நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான். அழுத்தத்தால் வேர் போகாது, இழுப்பதால்தான் முடி பிடுங்கிக்கொண்டு வரும். ஒன்றிரண்டு போனால் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ மறுபடி முளைத்துவிடும். திரும்பத் திரும்பப் பிடுங்கினால் முளைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. மஸ்காரா போட்டபின் கர்லர் வேண்டாம் என்பதும் இதனால்தான்: முடி பட்டையில் ஒட்டிக்கொள்ளும். ரயிலில் உட்கார்ந்து கர்லர் போட்டுக்கொள்ளும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய துணிச்சல் எனக்கு வராது, உங்களுக்கும் வர வேண்டாம்.

அலுவலகம் போவதற்குள் முடி தொங்குவதற்குச் சென்னையின் காற்றே பாதிக் காரணம். முடியின் புரதத்துக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் இடம் மாறுவதால்தான் வளைவு நிற்கிறது. ஈரம் பட்டதும் அவை அவிழ்ந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும். குளித்த ஈரம் காயும்வரை பொறுங்கள். இரவில் இமையில் விளக்கெண்ணெய் தடவும் வழக்கம் இருந்தால் காலையில் சுத்தமாகக் கழுவிவிடுங்கள். முடியை நன்றாக வளர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது, கர்லர் வழுக்கும் என்பது மட்டும் நிச்சயம். வளைத்தவுடன் வாட்டர்புரூஃப் மஸ்காராவை மெல்லிதாக ஒருமுறை பூசுங்கள். சாதாரண மஸ்காராவில் இருக்கும் தண்ணீரே வளைவைக் கெடுத்துவிடும். வாட்டர்புரூஃப் ரகத்தைக் கலைக்கத்தான் நேரமாகும்: எண்ணெய் கலந்த ரிமூவரைப் பஞ்சில் நனைத்துச் சிறிது நேரம் ஒற்றிவைத்துத் துடைக்க வேண்டும், தேய்க்கக் கூடாது.

ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம். சூட்டில் வளைவு நன்றாக நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் உலோகம் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமையில்தான் இருக்கிறது.

தங்கையின் திருமணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே, அதற்குள் கை பழகிவிடும். அன்று அலங்காரம் செய்ய அழகு நிலையத்திலிருந்து ஆள் வந்தால் உங்கள் கர்லரையே கொடுத்துப் போடச் சொல்லுங்கள், தங்கைக்கும் தனியாக ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஒரே கர்லரை ஸ்பிரிட்டால்கூடத் துடைக்காமல் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் போடுவார்கள், மெட்ராஸ் ஐ பரவும் பருவமாக இருந்தால் திருமணம் முடிந்த சில நாட்களில் எல்லோருக்கும் கண் சிவந்துவிடலாம். உங்களுக்கே அன்று கண்ணில் கட்டியோ உறுத்தலோ இருந்தால் கர்லரும் மஸ்காராவும் பெட்டியிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா