இரகசிய இலக்கத்தை ஏன் உரக்கச் சொல்ல வேண்டும்?

வாசகர் கேள்வி – பதில்

வங்கி, ஆஸ்பத்திரி, உணவகம் என்று எங்கும் ஆளுக்குப் பதில் தொடுதிரை இயந்திரங்கள் வந்துகொண்டிருக்கின்றன. மாற்றுத்திறனாளிகள் அவற்றின் முன்னால் என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு இந்த இதழை ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நீரிழிவால் அம்மாவின் பார்வை போய்விட்டது. டவுனில் உள்ள வங்கிக் கிளையில் பொத்தான் வைத்த பழைய இயந்திரத்தை எடுத்துவிட்டு, முழுவதும் கண்ணாடித் திரையாக ஒன்றை வைத்துவிட்டார்கள். முன்பு அம்மா விரலால் தடவிப் பார்த்தே இலக்கங்களை அழுத்துவார். இப்போது வாசலில் நிற்கும் காவலாளியிடம் அட்டையைக் கொடுத்து, இரகசிய இலக்கத்தையும் சொல்லிவிடுகிறார். காவலாளி நல்லவர்தான். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. வேறு வழி உண்டா?
– ஒரு வாசகி, மஸ்கெலியா

பதில்: உங்கள் மனம் ஒப்பாதது நியாயம், மகள். அந்தக் காவலாளி நல்லவராகவே இருக்கட்டும். நாளைக்கு அவர் லீவில் போனால் யாரிடம் கொடுப்பது? நான் வங்கியில் காசாளராக இருந்தவன். பிறகு கண் நீரழுத்த நோயில் பார்வையை இழந்தேன். அதனால் கவுண்டரின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி நான்கு இலக்கங்களைச் சொல்லிவிட்டால், கணக்கில் எவ்வளவு கிடக்கிறது என்பது மாலைக்குள் லயத்துக்கே தெரிந்துவிடும். கடன் கேட்டு ஆள் வரும், மறுத்தால் பகை வரும். காவலாளி அழுத்திக் கொடுப்பதையே மாற்றுத்திறனாளிகளுக்கான ஏற்பாடு என்று கிளைகள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. தன் பணத்தைத் தன் கையாலேயே, பிறர் அறியாமல் எடுக்க அம்மாவுக்கு முடிய வேண்டும்.

அதற்கான தொழில்நுட்பம் புதியதும் இல்லை. பேசும் ஏ.டி.எம். 1997இல் கனடாவின் ஒட்டாவா நகரில் வந்துவிட்டது. 1999இல் சான் பிரான்சிஸ்கோவில் வந்தது. 2012இல் இந்தியாவின் அகமதாபாத்திலும் ஒன்றைத் திறந்தார்கள். அது வேலை செய்யும் விதம் எளிமையானது. காதுக்கருவியின் (இயர்போன்) முனையை இயந்திரத்தின் துளையில் செருகினால் குரல் தொடங்கும். திரையில் இருப்பதை அது வரிசையாகச் சொல்லும். பின்னால் நிற்பவர் பார்க்காதபடி திரையை இருட்டாக்கிக்கொள்ளவும் முடியும். அமெரிக்க விதிகளின்படி ஐந்தாம் இலக்கப் பொத்தான் தடவினாலே மற்றவற்றிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும், பெரும்பாலும் அதன் மேல் ஒரு புடைத்த புள்ளி இருக்கும். விரல் அதைக் கண்டுபிடித்துவிட்டால் மற்ற ஒன்பதும் தாமாகப் பிடிபடும். உறுதிசெய்யும் பொத்தானில் புடைத்த வட்டம், அழிக்கும் பொத்தானில் இடப்பக்க அம்பு, ரத்துப் பொத்தானில் பெருக்கல் குறி போன்ற எழுத்து. உங்கள் அம்மா முன்பு தடவிப் பார்த்து அழுத்தினாரே, அந்தப் பழக்கத்தை அப்படியே மதிக்கிற ஏற்பாடு இது.

கண்ணாடித் திரை என்றால் இதற்கு வழியில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2009 முதல் ஐபோனில் திரைவாசிப்பான் இருக்கிறது. விரலைத் திரையில் மெல்ல நகர்த்தினால் அடியில் இருப்பதன் பெயரைச் சொல்லும், இரண்டு முறை தட்டினால் திறக்கும். என் ஆண்ட்ராய்டு கைபேசி இதே வேலையைத் தமிழில் செய்கிறது. உங்கள் கடிதத்தையும் எனக்கு வாசித்துக் காட்டியது அதுதான். கையில் பிடிக்கிற பொருளால் முடிவது, சுவரில் பதித்த பெரிய பெட்டியால் முடியாதா?

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: முதலில் இரகசிய இலக்கத்தை மாற்றிவிடுங்கள். அம்மாவைச் சேமிப்புப் புத்தகத்தோடு உள்ளே கவுண்டருக்கு அழைத்துப் போங்கள். பொத்தான் உள்ள இயந்திரம் வேறெந்தக் கிளையில் இருக்கிறது என்று முகாமையாளரிடம் கேளுங்கள். அந்தக் கேள்வியை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள்.

கேள்வி: உல்லாசப் பயணிகள் அதிகம் வரும் இடத்தில் சிறிய உணவகம் நடத்துகிறேன். ஓர்டர் கொடுக்கவும் காசு கட்டவும் ஒரு தொடுதிரை இயந்திரம் வாங்க நினைக்கிறேன். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் ஏற்றதாக இருக்க விற்பனையாளரிடம் என்ன கேட்க வேண்டும்?
– ஒரு வாசகர், நுவரெலியா

பதில்: வாங்குவதற்கு முன் கேட்டீர்கள், மிக்க மகிழ்ச்சி. பெரும்பாலானவர்கள் பொருத்திய பிறகுதான் கேட்கிறார்கள்.

ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போங்கள். தொட வேண்டிய எதுவும் தரையிலிருந்து 1,220 மில்லிமீற்றருக்கு, அதாவது 4 அடிக்கு மேல் இருக்கக் கூடாது. 380 மில்லிமீற்றருக்குக் கீழேயும் போகக் கூடாது. திரை மட்டும் தாழ்வாக இருந்து அட்டை செருகும் இடம் உச்சியில் இருக்கும் இயந்திரங்கள் உண்டு. அட்டைத் துளை, பற்றுச்சீட்டு வரும் வாய், எல்லாவற்றையும் அளந்து பாருங்கள். முன்னால் 760க்கு 1,220 மில்லிமீற்றர் வெற்றிடம் வேண்டும். அங்கே பூச்சாடியோ விளம்பரப் பலகையோ நிற்கக் கூடாது. நம் ஊரில் இதைவிடப் பெரிய தடை வாசற்படிதான். மலைச்சரிவில் கட்டிய கடைகளுக்கு ஐந்தாறு படி இல்லாமல் வாசல் கிடையாது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் போட இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இயந்திரத்துக்கு முன்பணம் கொடுங்கள்.

அடுத்து நேரம். கொஞ்சம் தாமதித்தால் திரை முதல் பக்கத்துக்கே திரும்பிவிடும். கை நடுங்கும் முதியவருக்கும், மெதுவாக வாசிப்பவருக்கும் அது பெரிய அவமானம். “இன்னும் நேரம் வேண்டுமா?” என்று திரையும் குரலும் கேட்க வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும். சாம்பல் நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து அழகாக இருக்கலாம், ஆனால் பார்வை மங்கியவருக்கு அது வெறும் புகை.

குரல் வசதி இருக்கிறது என்று விற்பனையாளர் சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு நீங்களே அதைத் தொடங்கிப் பாருங்கள். “குரல்” என்ற பொத்தானைத் திரையில் தேடித்தான் குரலை இயக்க முடியும் என்றால் யாருக்குப் பயன்? குரல் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வர வேண்டும். விலையைச் சொல்லும்போது “ஆயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய்” என்று சொல்கிறதா, “ஒன்று இரண்டு ஐந்து பூச்சியம்” என்று இலக்கம் இலக்கமாக உதிர்க்கிறதா என்றும் காது கொடுத்துக் கேளுங்கள்.

இத்தனையும் செய்தாலும் கவுண்டரில் ஒரு ஆளை நிறுத்துங்கள். இயந்திரம் யாரையும் வேலையிலிருந்து அனுப்புவதற்காக வர வேண்டியதில்லை.

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலை விபத்தில் ஒரு கையை இழந்தேன், மறுகையில் விரல்கள் இல்லை. செயற்கைக் கையால் தொட்டால் திரை அசைவதே இல்லை. ஏன்?
– ஒரு வாசகர், தலவாக்கலை

பதில்: தம்பி, இப்போதைய திரைகளில் பெரும்பாலானவை அழுத்தத்தை உணர்வதில்லை. கண்ணாடியின் கீழே மெல்லிய மின்புலம் இருக்கிறது. நம் தோல் மின்சாரத்தைக் கடத்துவதால், விரல் பட்ட இடத்தில் அது மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் இயந்திரம் தொடுகையாக எடுத்துக்கொள்கிறது. பிளாஸ்டிக்குக்கும் தடித்த கையுறைக்கும் அது அசையாது. மழைத்துளி விழுந்தாலோ விரல் படாமலேயே தொட்டதாக எண்ணிக்கொள்ளும். நம் பக்கத்து மழையில் வெளியே வைத்த இயந்திரங்கள் தாறுமாறாக நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மின்கடத்தும் ரப்பர் நுனி கொண்ட தொடுகோல் கிடைக்கிறது. ஆனால் அதைச் செயற்கைக் கையில் பிடித்தால் மட்டும் போதாது, உங்கள் தோலோடு ஒரு தொடர்பு வேண்டும். மின்கடத்தும் துணிப்பட்டையோ மெல்லிய கம்பியோ கொண்டு கோலை மேற்கைத் தோலோடு இணைத்துத் தரும்படி செயற்கை உறுப்பு செய்து தந்த இடத்தில் கேளுங்கள். அதே நேரம், பொத்தான்களும் இருக்கும் இயந்திரத்தை வைக்காதது உங்கள் குறை இல்லை.

கைரேகை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் ஈ.என். 301 549 என்ற தரத்தின்படி, கைரேகை போன்ற உடல் அடையாளம் ஒன்றையே ஆளை அறியும் ஒரே வழியாக வைக்கக் கூடாது. விரல் இல்லாதவருக்கு மட்டுமா இது உதவும்? காலமெல்லாம் கொழுந்து பறித்து ரேகை தேய்ந்த நம் பெண்களுக்கும் இந்த விதி வேண்டும்.

கேள்வி: எனக்குக் காது கேட்காது. கிளினிக்கில் இயந்திரம் டோக்கன் தருகிறது, ஆனால் இலக்கத்தை ஒலிபெருக்கியில்தான் கூப்பிடுகிறார்கள்.
– ஒரு வாசகி, பதுளை

பதில்: எல்லோரும் பார்க்கும் உயரத்தில் ஓர் இலக்கப் பலகை வைத்தால் தீர்ந்துவிடும். செலவு மிகக் குறைவு. கிளினிக் பொறுப்பாளருக்கு எழுதுங்கள். அதுவரை, டோக்கன் வாங்கும்போதே தாதியிடம் காது கேட்காது என்று எழுதிய துண்டைக் கொடுத்து, கையசைத்துக் கூப்பிடச் சொல்லுங்கள்.

கேள்வி: இதற்கெல்லாம் இலங்கையில் சட்டம் இருக்கிறதா?
– ஒரு மாணவர், பண்டாரவளை

பதில்: இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. பொதுமக்கள் போகக்கூடிய கட்டடத்தையோ இடத்தையோ ஒருவர் பயன்படுத்துவதற்கு, அவருடைய இயலாமையைக் காரணமாக வைத்துத் தடை போடக் கூடாது என்கிறது. மீறினால் மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். அணுகு வசதிகளுக்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. அவற்றைப் பொதுக் கட்டடங்களில் நடைமுறைப்படுத்தும்படி உயர் நீதிமன்றம் 2009இல் கட்டளையிட்டது. 2016இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதிசெய்தது. அதன் 9ஆம் உறுப்புரை, தகவல் தொடர்பு வசதிகளையும் மக்களுக்கான சேவைகளையும் எல்லோரும் அணுகக்கூடியதாக வைக்கச் சொல்கிறது.

ஆனால் 2006 விதிகளின் கவனம் கட்டடங்களில்தான்: படி, கதவு, கழிப்பறை. திரைக்குள் இருப்பதை எப்படி அமைப்பது என்பதற்கு அந்த அளவு விவரம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் புதிய சுயசேவை இயந்திரங்களுக்குக் குரல், காதுக்கருவி, தடவி அறியும் பொத்தான் போன்றவை கட்டாயம். அங்கேயும் ஏற்கெனவே பொருத்தியவற்றுக்கு அதிகபட்சம் 20 ஆண்டுகள் வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு இயந்திரம் சுவரில் ஏறிவிட்டால் இறங்க அவ்வளவு காலம் ஆகலாம். ஆகவே கேள்விமனு கோரும் கட்டத்திலேயே இந்த நிபந்தனைகளைச் சேர்க்கும்படி மாநகர சபையையும் பிரதேச சபையையும் கேட்க வேண்டும்.

முறைப்பாடு எழுதும்போது எந்தக் கிளை, எந்தத் திகதி, எந்தக் கட்டத்தில் முடியாமல் போனது என்று குறிப்பிடுங்கள். ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தருக்கும், இன்னொன்றை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். பண்டாரவளைக்கு அது பதுளையில் இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம்.