வாசகர் கேள்வி: கழுவித் துடைத்த தொட்டியில் மீன் ஏன் சாகிறது?

கேள்வி: மகனின் பிறந்தநாளுக்கு இரண்டு அடிக் கண்ணாடித் தொட்டியும் நான்கு கோல்ட்ஃபிஷ்களும் வாங்கி மூன்று மாதமாகிறது. நன்றாகத்தான் நின்றன. போன ஞாயிறு காலை, பாசி பிடித்துவிட்டதென்று தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டு, கல், பில்டர் ஸ்பொஞ்சு எல்லாவற்றையும் பைப்படியில் சவர்க்காரத்தூள் போட்டு வடிவாகத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பினோம். அன்றிரவு மீன்கள் வழமைபோல் சாப்பிட்டன. செவ்வாய் விடியப் பார்த்தால் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. கடையில் சொன்னபடி நீல மருந்து விட்டோம். வியாழன் ஒன்று, வெள்ளி ஒன்று செத்துவிட்டன. மிஞ்சிய இரண்டில் ஒன்று செட்டையை மடக்கிக்கொண்டு அடியில் கிடக்கிறது, மற்றதின் செவுள் மூடியில் வெள்ளைப் புள்ளிகள். அம்மா கண்ணூறு என்கிறா. என்ன வருத்தம் இது?
– ஒரு தாய், கல்லடி

பதில்: தங்கச்சி, கிழமைகளை ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள், அதுவே பெரிய உதவி. மீனுக்கு வருத்தம் என்று எழுதுகிறவர்கள் அனேகமாக ஒரு படத்தை அனுப்பிவிட்டு மருந்தின் பெயரைத்தான் கேட்பார்கள்.

ஞாயிறு இரவு சாப்பிட்ட மீன் செவ்வாய் விடிய மூச்சுக்குத் தவிக்கிறது. அந்த ஒன்றரை நாளுக்குள்தான் விசயம் கிடக்கிறது. பைப் தண்ணீரின் குளோரினோ, கல்லில் ஒட்டியிருந்த சவர்க்காரமோ நேரே மீனை வாட்டியிருந்தால் ஞாயிறு மத்தியானமே அது தொட்டிக்குள் பாய்ந்து அடிபட்டு ஆட்டம் காட்டியிருக்கும், இரவுச் சாப்பாடு வரைக்கும் பொறுத்திருக்காது. மெல்ல மெல்லச் சேர்ந்த நஞ்சு இது, அதுவும் மீனிடமிருந்தே வந்தது. மீன் தன் கழிவின் பெரும்பகுதியை அமோனியாவாகச் செவுள் வழியாகத்தான் வெளியே விடுகிறது. மிச்சம் கிடக்கிற தீனி அழுகினாலும் அமோனியாதான். மூன்று மாதமாக உங்கள் ஸ்பொஞ்சில் பிடித்திருந்த அந்த மண்ணிற வழுவழுப்பில் இருந்த பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை அவ்வளவு கெடுதியில்லாத நைத்திரேற்றாகவும் மாற்றிக்கொண்டிருந்தன. அழுக்கென்று நீங்கள் தேய்த்துக் கழுவியது அவற்றைத்தான். குளோரினும் சவர்க்காரமும் சேர்ந்தால் என்ன மிஞ்சும்?

இதை ஒரு குற்றமாக எடுக்காதீர்கள். சித்திரை வருசப்பிறப்புக்கு வீடு கழுவின கையோடு தொட்டியையும் கழுவி, மூன்று மீனைத் தென்னையடியில் புதைத்தவன்தான் நானும்.

எங்கள் பக்கத்து வெயிலும் இதில் ஒரு பங்காளி. கோல்ட்ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், 20 பாகையளவில் சுகமாக இருக்கும். நம் வீடுகளில் தொட்டித் தண்ணீர் சும்மாவே 30 பாகைக்குப் போய்விடும். 20 பாகைத் தண்ணீர் லீற்றருக்கு 9 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்து வைத்திருக்கும் என்றால், 30 பாகையில் ஏழரைதான். அமோனியாவின் நச்சு வடிவமோ அந்தச் சூட்டில் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. யன்னலோரம் வெயில் படுகிற இடத்தில் தொட்டி இருந்தால் இன்றைக்கே இடம் மாற்றுங்கள், ஆனால் தண்ணீரைக் குறைத்துவிட்டுத் தூக்குங்கள், கண்ணாடி வெடித்த கதைகளும் எனக்கு வருகின்றன.

சரி, அந்த நீல மருந்து. மெத்திலீன் நீலமாகத்தான் இருக்கும். பூஞ்சணத்துக்கு நல்லது, ஆனால் மிஞ்சியிருக்கிற ஒன்றிரண்டு பற்றீரியாவையும் அது விட்டுவைக்காது. கடைக்காரரில் பிழை சொல்ல ஏலாது, மீன் மேலே வருகிறது என்று மட்டும் சொன்னால் அவரும் என்னத்தைத் தருவார். இனி விட வேண்டாம்.

செவுள் மூடியில் மட்டும், கூடிப்போனால் பக்கத்துச் செட்டையின் முன் ஓரத்திலும், ஒழுங்காகக் குத்திவைத்தமாதிரிச் சிறு வெள்ளைப் புள்ளிகள் என்றால் அது வருத்தமே இல்லை. ஆண் மீன் பருவத்துக்கு வந்திருக்கிறார், அவ்வளவுதான். வெண்புள்ளி நோய் என்றால் வால், முதுகு, செட்டை எங்கும் உப்புத் தூவினமாதிரி இருக்கும், மீன் கல்லில் உடம்பை உரசிக்கொண்டு திரியும். இன்னும் ஒன்று, அடுத்த கிழமை உடம்பில் கறுப்புத் திட்டு வந்தால் பதறி எனக்கு எழுத வேண்டாம். அமோனியாவில் வெந்த தோல் ஆறும்போது கறுத்து, பிறகு தானாக மறையும்.

இப்போது செய்ய வேண்டியது. உங்கள் தொட்டி இரண்டு அடி நீளம், அகலமும் உயரமும் ஒவ்வொரு அடி என்றால் 50 லீற்றர் அளவு வரும். இன்றைக்கே பாதியை இறைத்துவிட்டு நல்ல தண்ணீர் விடுங்கள். பைப் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் துளிகள் விட்டுத்தான், அல்லது முதல்நாளே அகன்ற வாளியில் பிடித்துத் திறந்து வைத்து. வளவில் கிணறு இருந்தால் அதுவே போதும், வாளியில் அள்ளி உயரத்திலிருந்து இரண்டு மூன்று தரம் ஊற்றி ஆற்றிவிட்டு விடலாம். வாயில் வைத்தால் இலேசாகக் கரித்தாலும் கோல்ட்ஃபிஷ் அதைப் பொருட்படுத்தாது. கரிக்காத தண்ணீர் என்றால் மட்டும் கட்டி உப்பு 50 கிராம், அதாவது மூன்று மேசைக்கரண்டியளவு, தனியாகக் கரைத்து மெல்ல மெல்லச் சேருங்கள். அமோனியாவுக்கு அடுத்துவரும் நைத்திரைற்று, மீனின் இரத்தத்தில் ஏறாமல் அது தடுக்கும். அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்கு, நாளுக்குக் கால்வாசித் தண்ணீர் மாற்ற வேண்டும், அலுப்புத்தான், வேறு வழியில்லை. மாற்றுகிற அளவுக்கு மட்டும் உப்பையும் சேருங்கள். காற்று மோட்டார் இரவும் பகலும் ஓடட்டும்.

தீனி மூன்று நாளைக்கு வேண்டாம். மகன் அழுவான், மீன் சாகாது.

எல்லாவற்றையும்விடக் கெதியாக வேலை செய்வது ஒன்று இருக்கிறது. நல்லாயிருக்கிற தொட்டி வைத்திருக்கும் யாராவது சொந்தக்காரர் வீட்டில் போய், அவர்களின் பில்டரிலிருந்து ஊத்தை ஸ்பொஞ்சு ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை. காயவிடாமல் அந்தத் தொட்டித் தண்ணீரோடேயே பையில் கொண்டுவந்து உங்கள் பில்டருக்குள் வையுங்கள். அது கிடைக்காவிட்டால் பற்றீரியா புதிதாகப் பெருக நாலு தொடக்கம் ஆறு கிழமை ஆகும். இனிமேல் ஸ்பொஞ்சைத் தொட்டியிலிருந்து இறைத்த தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்தால் போதும்.

அடியில் கிடக்கிற மீன் தப்புமா என்றால், செதில்கள் அன்னாசிப்பழம் மாதிரி விரிந்து நிற்காதவரைக்கும் நம்பலாம். கண்ணூறு கழிப்பதென்றால் அம்மா கழிக்கட்டும், மிளகாய்ப் புகை மட்டும் காற்று மோட்டாருக்குப் பக்கத்தில் வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஒறண்டா (உருண்டை உடம்புக் கோல்ட்ஃபிஷ்) சாப்பிட்ட கையோடு சரிந்து மிதக்கிறது, கொஞ்ச நேரத்தில் நிமிர்கிறது. வாப்பா கொண்டுபோய்க் குளத்தில் விடச் சொல்கிறார்.
– அக்கரைப்பற்று வாசகர்

பதில்: தம்பி, உருண்டை உடம்புக்காரருக்கு உள்ள பிரச்சினை இது. மிதக்கும் உருண்டைத் தீனியை மேலே வந்து காற்றோடு விழுங்குகிறது, அது வயிற்றில் ஊதி, காற்றுப்பையையும் நெருக்குகிறது. இரண்டு நாள் பட்டினி போடுங்கள், மறுகா அவித்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணி ஒன்றைப் பிசைந்து கொடுங்கள். அதற்குப் பிறகு தீனியைத் தண்ணீரில் ஊறவைத்து, அமிழ்ந்த பிறகு கொடுத்தால் போதும். குளத்தில் விடவே வேண்டாம், பிழைத்தால் குளத்து மீனுக்கு வருத்தத்தைக் கொண்டுபோகும், பிழைக்காவிட்டால் அந்தச் சிவப்பு நிறத்துக்குக் கொக்கு ஐந்து நிமிசம்கூடக் காத்திராது.