மண்ணுக்கடியில் எரியும் நிலக்கரி: கேள்வி பதில்

(நிலக்கரிச் சுரங்கத் தீ பற்றியும், அதன் மேலிருந்து காலிசெய்யப்பட்ட ஊர்கள் பற்றியும் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, சுரங்கப் பாதுகாப்புப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர் பதிலளிக்கிறார்.)

கேள்வி: எரிவதற்குக் காற்று வேண்டும் என்று பள்ளியில் படித்தோம். அவ்வளவு ஆழத்தில் புதைந்திருக்கும் நிலக்கரிக்குக் காற்று எங்கிருந்து கிடைக்கிறது?

பதில்: யாரும் தொடாத படுகைக்கு, அது தரைமட்டத்தில் தலைகாட்டாத வரையில், காற்று பெரும்பாலும் கிடைப்பதில்லை, ஆகவே அது எரிவதுமில்லை. சுரங்கம் வெட்டிய பிறகுதான் நிலைமை மாறுகிறது. பழைய சுரங்கங்களில் நீள வழிகளும் குறுக்கு வழிகளுமாக நிலக்கரியை வெட்டியெடுத்து, மேற்கூரை சரியாதிருக்க இடையிடையே நிலக்கரியையே தூண்களாக விட்டுவைப்பார்கள். வேலை முடிந்து ஆட்கள் வெளியேறிய பின்னும் அந்த வழிகளில் காற்று இருக்கும். எங்கேனும் தீப்பற்றினால் சூடான வாயு ஒரு வெடிப்பின் வழியாக மேலேற, வேறொரு வாய் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. தூண் எரிந்து தீர்ந்ததும் மேலிருக்கும் பாறை சரிகிறது; சரிவினால் தரை வரை புதிய வெடிப்புகள் உண்டாகின்றன; அவற்றின் வழியாக மேலும் காற்று இறங்குகிறது. தனக்கு வேண்டிய காற்றுவழியைத் தானே திறந்துகொள்ளும் தீ இது. மேலும், இது பெரும்பாலும் சுவாலை விட்டு எரிவதில்லை. உமிக்குள் இட்ட நெருப்பைப் போலக் கனன்றுகொண்டே நகரும். அதற்கு ஆக்சிஜன் சிறிதளவு இருந்தாலே போதும்.

கேள்வி: அமெரிக்காவின் சென்ட்ரேலியா என்ற ஊர் குப்பையைக் கொளுத்தியதால் அழிந்தது என்கிறார்கள். நம்பும்படியாக இல்லையே?

பதில்: காரணம் குறித்து வேறு கருத்துகளும் உண்டு, பழைய சுரங்கத் தீயொன்றே அங்கே வந்து சேர்ந்தது என்பாரும் இருக்கின்றனர். பெரும்பாலோர் ஏற்கும் வரலாறு நீங்கள் கேள்விப்பட்டதுதான். பென்சில்வேனியா மாநிலத்தில், ஆந்த்ரசைட் எனப்படும் கடின நிலக்கரி கிடைக்கும் பகுதியில் உள்ள அந்தச் சிற்றூரில், கைவிடப்பட்ட திறந்தவெளிச் சுரங்கக் குழியொன்றைக் குப்பைக் கிடங்காகப் பயன்படுத்தி வந்தார்கள். அது கல்லறைத் தோட்டத்தை ஒட்டியிருந்தது. 1962 மே மாதம், போர்வீரர் நினைவு நாளுக்கு முன் இடத்தைச் சுத்தம் செய்ய எண்ணிக் குப்பைக்குத் தீ வைத்து, பிறகு தண்ணீரும் ஊற்றினார்கள். மேலே அணைந்தது, அடியில் அணையவில்லை. குழியின் சுவரடியில் பழைய சுரங்க வழிகளுக்குப் போகும் பெரிய திறப்பொன்று அடைக்கப்படாமல் கிடந்தது. எரியாத பொருளைக் கொண்டு அதை அடைத்திருந்தால் ஊர் பிழைத்திருக்கும் என்பதே என் கருத்து.

அடுத்து நடந்ததுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. அவ்வாண்டே தோண்டியெடுக்கும் வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டார்கள். தொகை ஏறத்தாழ 20,000 டாலர். தோண்டும் குழிக்கு முன்னால் தீ ஓடிக்கொண்டிருந்தபோதே பணம் தீர்ந்து, வேலை நின்றது. பிறகு துளையிட்டு, நொறுக்கிய கல்லைத் தண்ணீரோடு கலந்து உள்ளே செலுத்திப் பார்த்தார்கள். குளிர்காலத்தில் குழாய்கள் உறைந்தன. ஒவ்வொரு முயற்சியும் தேவைக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் இடையில் தீ பரவ நேரம் கிடைத்தது. 1983இல் வெளியான ஆய்வு, தீயை முழுவதுமாகத் தோண்டியெடுக்க 66 கோடி டாலர் வரை ஆகலாம் என்று கணக்கிட்டது.

கேள்வி: ஓர் ஆற்றையே திருப்பிவிட்டால் அணையாதா?

பதில்: பள்ளமான, அடைத்த சுரங்கமாக இருந்தால் நீர் நிரப்பி அணைக்கலாம், அப்படிச் செய்த இடங்கள் உண்டு. மலைப்பாங்கான இடத்தில் நீர் தாழ்வான வழிகளில் ஓடிவிடும். தீயோ மேட்டில் இருக்கும். நீர் பட்ட இடத்திலும் சுற்றியுள்ள பாறை பல ஆண்டு வெப்பத்தைத் தேக்கி வைத்திருக்கும். நீர் வடிந்து காற்று திரும்பினால் நிலக்கரி மறுபடியும் பற்றிக்கொள்ளும். தவிர, தணலாகக் கனலும் கரியின் மேல் நீராவி படும்போது ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் உண்டாகின்றன, இவ்விரண்டும் வெடிக்கக்கூடியவை. எரியும் நிலக்கரியைத் தோண்டி எடுத்துக் குளிரவைப்பது, தீக்கு வெகுதூரம் முன்னால் அகழி வெட்டித் துண்டிப்பது, மணலோ சாம்பலோ செலுத்தி வழிகளை நிரப்புவது, தரையை மண்ணால் மூடிக் காற்றைத் தடுப்பது, நைட்ரஜன் செலுத்துவது ஆகியவையே நடைமுறையில் உள்ள வழிகள். இவற்றில் முதலாவதுதான் உறுதியானது, அதுவே அதிகச் செலவு பிடிப்பதும்.

கேள்வி: 1962இல் தீப்பிடித்தும், 1980களில்தான் சென்ட்ரேலியா மக்கள் வெளியேறினார்கள். 20 ஆண்டுகள் ஏன் அங்கேயே இருந்தார்கள்? பயமே இல்லையா?

பதில்: தீ தெரியும்படி இருந்தால் பயம் வரும். இங்கே பல ஆண்டுகள் தெரிந்ததெல்லாம் புகையும், பனிக்காலத்தில் சில இடங்களில் மட்டும் பனி தங்காமல் உருகுவதும்தான். நிலநடுக்கம்போல ஒரே இரவில் வருவதாக இருந்திருந்தால் முடிவும் ஒரே இரவில் எடுக்கப்பட்டிருக்கும். 1979இல் எரிபொருள் நிலையம் ஒன்றின் நிலத்தடித் தொட்டியில் அளவுகோலை விட்டுப் பார்த்தபோது, அது சூடாக வெளியே வந்தது. வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்கியதில், உள்ளிருந்த பெட்ரோலின் வெப்பம் ஏறத்தாழ 78 டிகிரி செல்சியஸ் என்று தெரிந்தது. 1981 பிப்ரவரியில், பாட்டி வீட்டுக் கொல்லையில் நின்ற 12 வயதுச் சிறுவனின் காலடியில் மண் திடீரென உள்வாங்கியது. மரத்தின் வேரைப் பற்றிக்கொண்டு தொங்கியவனை அவனுடைய உறவுக்காரப் பையன் இழுத்துக் காப்பாற்றினான். அந்தக் குழி சுமார் 150 அடி ஆழம் எனக் கணக்கிடப்பட்டது. அதிலிருந்து வந்த வாயுவே உயிரைக் குடிக்கப் போதுமானதாக இருந்தது.

அதன் பிறகும் ஊர் ஒருமனப்படவில்லை. தீக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் போக வேண்டும் என்றார்கள். தள்ளி இருந்தவர்கள் ஆபத்தே இல்லை என்றார்கள். 1983இல் நடந்த வாக்கெடுப்பில் 345 பேர் வெளியேறுவதை ஆதரித்தார்கள், 200 பேர் எதிர்த்தார்கள். பிறகு அமெரிக்க நாடாளுமன்றம் இடமாற்றத்துக்காக 4.2 கோடி டாலர் ஒதுக்கியது; ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள். 1992இல் மாநில அரசு மீதி வீடுகளைச் சட்டப்படி கையகப்படுத்தியது. போக மறுத்த சிலர் நீதிமன்றம் சென்று, 2013இல் உடன்பாடு காணப்பட்டு, தம் ஆயுள்காலம் வரை அங்கேயே வாழும் உரிமை பெற்றார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கிருந்தவர்கள் 5 பேர்.

கேள்வி: இப்போது அங்கே என்ன இருக்கிறது?

பதில்: வீடுகள் இடிக்கப்பட்டு, தெருக்கள் புல்மண்டிக் கிடக்கின்றன. வெடித்துப் பிளந்ததால் மூடப்பட்ட பழைய நெடுஞ்சாலையில் சுற்றுலா வருவோர் வண்ணக் கிறுக்கல்கள் வரைந்து வந்தனர். 2020இல் அதன் மேல் மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள். குன்றின் மேலிருக்கும் உக்ரைனியக் கத்தோலிக்கத் தேவாலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது.

கேள்வி: நம் நாட்டு ஜரியாவில் 1916 முதல் எரிவதாகப் படித்தேன். சென்ட்ரேலியாவைப் போல மக்களை ஏன் மாற்றவில்லை, ஐயா?

பதில்: இரண்டும் ஒரே அளவானவை அல்ல. சென்ட்ரேலியாவில் மாற்ற வேண்டியிருந்தது ஓர் ஊர். ஜார்க்கண்டின் தன்பாத் மாவட்டத்தில் உள்ள ஜரியாவில் மாற்ற வேண்டியவை ஆயிரக்கணக்கான குடும்பங்கள். உருக்காலைகளுக்குத் தேவையான உயர்தரக் கோக்கிங் நிலக்கரி நாட்டில் கிடைக்கும் முதன்மையான இடம் அது. தேசியமயத்துக்கு முன் தனியார் முதலாளிகள் தூண்களைப் போதிய அளவு விடாமலும், வெற்றிடங்களில் மணல் நிரப்பாமலும் எடுத்துவிட்டுப் போனார்கள். 1970களின் தொடக்கத்தில் சுரங்கங்கள் அரசிடம் வந்தபோது தீயும் சேர்ந்தே வந்தது. 2009இல் ஜரியாவுக்கு மட்டும் 7,112 கோடி ரூபாய் மதிப்பில் பெருந்திட்டம் ஒப்புதல் பெற்றது. 2025 ஜூனில் 5,940 கோடி ரூபாய்க்குத் திருத்திய திட்டம் வந்தது. பெல்கரியா என்ற இடத்தில் அடுக்குமாடி வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். ஆனால் விடியுமுன் கூடையோடு சென்று நிலக்கரி பொறுக்கி, அதைச் சுட்டு, சைக்கிளில் மூட்டைகளாகக் கட்டித் தள்ளிச்சென்று விற்றுப் பிழைக்கிற குடும்பத்துக்கு, வேலையில்லாத இடத்தில் இரண்டு அறைகள் கிடைத்து என்ன பயன்? வீட்டுக்குப் பட்டா உள்ளவருக்கு ஒரு கணக்கு, இல்லாதவருக்கு வேறு கணக்கு என்பது இன்னொரு சிக்கல்.

கேள்வி: அடியில் இருக்கும் நிலக்கரிக்காகத்தான் மக்களை விரட்டுகிறார்கள் என்று அங்குள்ளவர்கள் சொல்வது உண்மையா?

பதில்: சென்ட்ரேலியாவிலும் இதே பேச்சு இருந்தது. அங்கே அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை. காலியான ஊரில் யாரும் சுரங்கம் தொடங்கவுமில்லை. ஜரியாவில் நிலைமை அவ்வளவு தெளிவில்லை. தீயை அணைக்கும் உறுதியான வழியும், நிலக்கரியை மலிவாக எடுக்கும் வழியும் அங்கே ஒன்றேதான்: மேலிருந்து தோண்டுவது. தீப்பிடித்த பரப்பு சுமார் 9 சதுர கிலோமீட்டரிலிருந்து 2 சதுர கிலோமீட்டருக்கும் கீழே குறைந்துவிட்டது என்கிறது அரசுக் கணக்கு. தோண்டத் தோண்டப் புதிதாக வெளிப்படும் நிலக்கரியின் மேல் காற்றுப் பட்டுத் தீ பெருகுகிறது என்கிறார்கள் குடியிருப்போர். இரண்டுமே நடக்கக்கூடியவைதான். தீ உண்மையானது, நிலக்கரியின் மீதுள்ள ஆர்வமும் உண்மையானது. 2017 ஜூனில் தீயைக் காரணம் காட்டி மூடப்பட்ட தன்பாத்–சந்திரபுரா ரயில் பாதையில் 2019இல் மறுபடியும் ரயில் ஓடியதைப் பார்த்தவர்கள், அடுத்த எச்சரிக்கையை எப்படி நம்புவார்கள்?

கேள்வி: நெய்வேலிக்கு இந்த ஆபத்து உண்டா?

பதில்: பழுப்பு நிலக்கரி தானாகச் சூடேறக்கூடியது, குவித்து வைத்த இடத்தில் புகையத் தொடங்கும், ஆகையால் குவியலைக் கவனித்து வர வேண்டும். ஆனால் நெய்வேலியில் எடுப்பது திறந்தவெளிச் சுரங்கத்தில். ஊருக்கடியில் காற்றோடும் பழைய வழிகள் இல்லாததால் ஜரியாவோடு ஒப்பிட இடமில்லை.

கேள்வி: என் மகனுக்கு ஜரியா பக்கத்தில் வேலை கிடைத்திருக்கிறது. வாடகை வீடு பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தரையிலும் சுவரின் அடிப்பகுதியிலும் புதிய வெடிப்பு இருக்கிறதா, வெடிப்பில் கைவைத்தால் சூடு தெரிகிறதா, மழைக்குப் பின் அக்கம்பக்கத்து நிலத்தில் ஆவி கிளம்புகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கந்தக நெடி வந்தால் அந்த வீடு வேண்டாம். ஆனால் நெடி இல்லை என்பதற்காக வீடு பாதுகாப்பானது என்று கொள்ளக் கூடாது, ஏனெனில் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. காற்றழுத்தம் குறையும் நாட்களில் அடியிலுள்ள வாயு அதிகமாக மேலே வரும். அந்நாட்களில் வீட்டிலிருப்போர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் மயக்கமும் வந்தால், காரணம் தேடிக்கொண்டிராமல் உடனே வெளியே வந்துவிட வேண்டும். அந்த வாயுவுக்கான எச்சரிக்கைக் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. ஒன்றை வாங்கிப் படுக்கையறையில் பொருத்தச் சொல்லுங்கள்.