மேற்கே மலை காட்ட வேண்டுமா? படுவான்கரையில் இரண்டு நாள்

ஆரையம்பதியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "ஆகஸ்டில் கனடாவிலிருந்து தங்கச்சி குடும்பம் வருகிறது. கோட்டை, வெளிச்சவீடு, கல்லடிப் பாலம், பாசிக்குடா எல்லாம் போன முறையே காட்டியாயிற்று. இந்த முறை கடலை விட்டு மேற்குப் பக்கம் மலை, காடு என்று இரண்டு நாள் கூட்டிப் போக விருப்பம். அருவி இருந்தால் இன்னும் நல்லது. அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் நோ. பிள்ளைகள் இருவரும் பதின்ம வயது. ஒரு வான் பிடிப்போம். எங்கே போகலாம், எதற்குக் கவனமாக இருக்க வேண்டும்?"

அருவிக் கதையை முதலில் முடித்து விடுகிறேன். ஆகஸ்டில் போய் நின்று பார்க்கும்படியான அருவி மட்டக்களப்பு மாவட்டத்தில் இல்லை. மார்கழி மழையில் பாறைகளிலிருந்து தண்ணீர் வழியும். யாராவது அதை வீடியோ எடுத்து 'யாரும் அறியாத அருவி' என்று போட்டு விடுவார்கள். ஆடி, ஆவணியில் அதே இடத்துக்குப் போனால் காய்ந்த பாசியும் நாலு வெற்றுப் போத்தலும்தான் கிடக்கும். பிள்ளைகளுக்கு அருவி காட்டியே ஆக வேண்டும் என்றால் செங்கலடியில் திரும்பி, பதுளை வீதியால் பதுளை வரைக்கும் போய் துன்ஹிந்தவைப் பாருங்கள். 64 மீற்றர் உயரம், ஏமாற்றாது. ஆனால் அது வேறு பயணம். ஓர் இரவு தங்கி வருவதுதான் சரி.

இனி மலை. பதுளையையோ நுவரெலியாவையோ மனதில் வைத்துக்கொண்டு, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே கிடக்கும் படுவான்கரைக்குப் போகக் கூடாது. நம்முடைய பக்கத்தில் இருப்பது மலைத்தொடர் அல்ல. வயலும் குளமும் காடுமாகச் சமதரை போய்க்கொண்டே இருக்கும், நடுவில் ஒரு பாறை தன்பாட்டில் எழும்பி நிற்கும். தாந்தாமலையும் குடும்பிமலையும் இந்த வகைதான். கிழக்கின் அடிப்பாறையைப் புவியியலாளர்கள் விஜயன் தொகுதி என்பார்கள். மிகப் பழைய நைஸ் (gneiss) பாறை, அதாவது ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய கல். அதில் வெடிப்பு அதிகமான பகுதிகள் காலம் காலமாக மழையிலும் வெயிலிலும் உக்கி மண்ணாகிப் போக, வெடிப்புக் குறைந்த கட்டிப் பாறை மட்டும் மிஞ்சி நிற்கிறது. அதன் மேற்பரப்பு வெங்காயத் தோல் மாதிரி தட்டுத் தட்டாக உரிந்து வருவதால்தான் உச்சி மொட்டையாக, உருண்டையாக இருக்கிறது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மொட்டைப் பாறையில் நிழல் கிடையாது. ஆகஸ்டில் கச்சான் காற்று வேறு அனலாக அடிக்கும். காலை ஒன்பது மணிக்குப் பிறகு பாறையில் ஏறத் தொடங்கினால் இறங்கும்போது உள்ளங்கால் வேகும். இன்னொன்று, பாறைச் சரிவில் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள் இறங்குவதைக் காண்பீர்கள். மழைத் தண்ணீர் ஓடும் தடங்கள் அவை, பாசி படிந்து கறுத்தவை. வெயில் நாளில் சும்மா நடக்கலாம். இரவு ஒரு மழை பெய்திருந்தாலோ அதில் வைத்த கால் நிற்காது. பிள்ளைகளிடம் வெளிறிய சாம்பல் நிறப் பக்கமாகவே ஏறச் சொல்லுங்கள்.

ஒரு நாளுக்கு ஒரு வீதி என்று வையுங்கள். வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் கிட்டத் தெரியும். ஆனால் உள்ளுக்குள் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் வீதிகள் பல இடங்களில் மண் பாதை, வானுக்குச் சரிவராது. குறுக்கால் போய் நேரம் மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள்தான் பொழுது சாய்ந்த பிறகு காட்டுக்குள் மாட்டிக்கொள்வார்கள்.

முதல் நாளை அம்மாவுக்காக வையுங்கள். உங்களுக்கு மண்முனைப் பாலம் பக்கத்தில்தானே. 2014இல் பாலம் திறக்கும் வரை பாதையில், அதாவது மிதவைப் படகில், ஏறி வாவியைக் கடந்த கதையை அம்மாவே பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு மேற்கே தாந்தாமலைக்குப் போங்கள். சின்னக் கதிர்காமம் என்று நம்மவர்கள் சொல்லும் முருகன் கோயில் அடிவாரத்தில் இருக்கிறது. அம்மா அங்கே மர நிழலில் இருக்கலாம், பிள்ளைகள் பாறையில் ஏறலாம். மேலே பழைய கட்டட எச்சங்கள் இருக்கின்றன; அவற்றில் ஏறி நின்று படம் எடுக்க வேண்டாம். உச்சியிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் வயலும் குளமும், மற்றப் பக்கம் காடு. மட்டக்களப்பு என்றால் வாவியும் பாடும் மீனும் என்று மட்டும் தெரிந்த பிள்ளைகளுக்கு இந்த ஒரு பார்வை போதும். ஆனால் திகதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடித் திருவிழா நடக்கும் நாட்களில் போனால் சனம் நிறைந்திருக்கும். திருவிழா பார்க்க அது நல்ல நேரம், காடு பார்க்க அல்ல.

மத்தியானம் கொக்கட்டிச்சோலைக்குத் திரும்பி, வாவிக்கரையோரமாகவே வடக்கே வந்தால் வவுணதீவு. அங்கிருந்து ஆயித்தியமலைப் பக்கம் திரும்பிப் போனால் உன்னிச்சைக் குளம். மட்டக்களப்பில் குழாயைத் திறந்தால் வருவது இந்தக் குளத்துத் தண்ணீர்தான் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஆகஸ்டில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் எடுத்துக் குளம் வற்றியிருக்கும். வற்றிய குளம் அழகில்லை என்று சிலர் நினைப்பார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். கரையில் புல் முளைத்து, கொக்கும் நாரையும் இறங்கி, தூரத்தில் மாட்டுப் பட்டி மேயும். குளத்தில் இறங்கிக் குளிக்க மட்டும் விட வேண்டாம். முதலை உண்டு, சேற்றில் கால் புதையவும் செய்யும். வயல் வாய்க்காலில் காலில் காயத்தோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். குளிக்க ஆசைப்பட்டால் கட்டுக்குக் கீழே ஊர்ச் சனம் குளிக்கும் இடத்தைக் கேட்டுப் போங்கள். நாலரை மணிக்கு அங்கிருந்து கிளம்பி, வலையிறவுப் பாலத்தால் வீடு போய்ச் சேருங்கள்.

நாலரை என்று நேரம் வைத்ததற்குக் காரணம் யானை. படுவான்கரையில் யானை என்பது பார்த்து ரசிக்கும் விடயம் மட்டும் அல்ல. அங்கே வயல் செய்பவர்கள் இரவில் பரணில் காவல் இருக்கிறார்கள், யானை வெடி போடுகிறார்கள், வீடும் உயிரும் இழக்கிறார்கள். வெடிச் சத்தத்துக்குப் பழகிய யானை மனிதனைக் கண்டால் ஒதுங்காது, கோபப்படும். சரணாலயத்துக்குள் பார்க்கும் யானையும் இதுவும் ஒன்றல்ல. காலை ஆறரைக்கு முன்னும் மாலை ஐந்தரைக்குப் பின்னும் உள்வீதிகளில் ஓட வேண்டாம். வீதியில் யானை நின்றால் தூரத்திலேயே வானை நிறுத்துங்கள். ஹோர்ன் அடிப்பது, லைட் அடிப்பது, இறங்கிப் படம் எடுப்பது, வாழைப்பழம் எறிவது எதுவும் வேண்டாம். அது முன்னுக்கு வந்தால் மெல்ல ரிவர்ஸ் எடுங்கள். வயலோரத்து மின்சார வேலியில் பிள்ளைகள் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரடியைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். ஆனி, ஆடியில் பாலைப்பழம் பழுக்கும். சந்தையில் வாங்கிச் சாப்பிடும் அதே பழம். காட்டில் அதற்குக் கரடியும் வரும், மரத்திலும் ஏறும். பிந்திப் பழுத்த மரங்கள் ஆகஸ்டிலும் இருக்கலாம். உதிர்ந்த பழம் பொறுக்கப் பிள்ளைகளை விடிகாலையில் காட்டோரம் விடாதீர்கள். மேலே யார் இருக்கிறார் என்று தெரியாது. பாறை முகப்புகளில் தொங்கும் பெரிய தேன்கூட்டின் கீழே சிகரெட் புகை, கத்தல், கல்லெறி ஒன்றும் கூடாது.

இரண்டாம் நாளுக்கு இரண்டு வழி இருக்கிறது, ஒன்றை மட்டும் எடுங்கள்.

பிள்ளைகளின் பக்கம் சாய்ந்தால் குடும்பிமலை. உயரம் 500 மீற்றரைக் கொஞ்சம் தாண்டும். சிங்களத்தில் தொப்பிகல, வெள்ளைக்காரன் வைத்த பெயர் பாரன்ஸ் கப். வீதிப் பலகையில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம். ஆனால் கூகுள் படத்தில் 'குடும்பிகல' என்று வந்தால் நில்லுங்கள். அது அம்பாறை மாவட்டத்தில் பாணமைக்குத் தெற்கே, குமணைக் காட்டுப் பக்கம் இருக்கும் வேறு பாறை. போர்க்காலத்தில் குடும்பிமலை விடுதலைப் புலிகளின் தளம். 2007 ஜூலையில் இராணுவம் கைப்பற்றியது. அதனால்தான் நம்மூர் ஆட்களில் பலர் பெயரைக் கேட்டிருந்தும் மலையைக் கண்டதில்லை. இப்போது அடிவாரத்தில் மரபுரிமைப் பூங்கா ஒன்று இருக்கிறது. ஏறுவதற்கு முன் அங்கே கேட்டுவிட்டு, பாதையாலே மட்டும் ஏறுங்கள். மாவட்டம் கண்ணிவெடி அகற்றப்பட்டதாக 2017இல் அறிவிக்கப்பட்டது உண்மை. இருந்தாலும் புதருக்குள் துருப்பிடித்த இரும்பு எதையும் தொட வேண்டாம் என்று கனடாப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லி வையுங்கள். அவர்களுக்கு அந்தப் பயம் தெரியாது.

கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் வழியாகப் போகும் வீதிதான் எல்லாருக்கும் தெரிந்தது. ஆகஸ்டில் அதில் பிரச்சினை இல்லை. கார்த்திகையில் மழை பிடித்தால் அந்த வீதி வெள்ளத்தில் மூழ்கி, ஊர் ஆட்களே இயந்திரப் படகில்தான் போய் வருவார்கள். ஆகவே யாராவது "டிசம்பரில் போனோம், பச்சைப் பசேல் என்று இருந்தது" என்று சொன்னால், எப்படிப் போனார்கள் என்றும் கேளுங்கள். மலைக்கு அப்பால் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகள். அங்கே பண்ணையாளர்களுக்குக் காணிப் பிரச்சினை நடக்கிறது. ஊர் சுற்றிப் பார்க்க வானைக் கொண்டு உள்ளே போகும் இடம் அல்ல அது. அம்மாவை இந்தப் பயணத்துக்கு நான் கூட்டிப் போக மாட்டேன். குலுக்கல் அதிகம், போன பிறகும் கீழே காத்திருப்பதுதான் வேலை.

அம்மாவும் வர வேண்டும் என்றால் மற்ற வழி. செங்கலடியில் திரும்பி, கறுத்தப்பாலம், கரடியனாறு, புல்லுமலை என்று பதுளை வீதியால் மகாஓயாவுக்குப் போங்கள். பெரிய வீதி, ஒன்றரை இரண்டு மணி நேர ஓட்டம். அம்பாறை மாவட்டத்துக்குள் போய்விடுவீர்கள். ஊரிலிருந்து கொஞ்சம் உள்ளே வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. திருகோணமலையில் கன்னியாய் வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனவர்கள் அந்த நினைப்பில் வாளியைத் தூக்கித் தலையில் ஊற்றிக்கொள்ளப் பார்ப்பார்கள், அது நடக்காது. கன்னியாயில் குளிக்கலாம். மகாஓயாவில் சூடான கிணறு 50 பாகையைத் தாண்டும், கை வைத்தால் உடனே எடுத்து விடுவீர்கள். வாளியில் எடுத்துப் பச்சைத் தண்ணீர் கலந்து, முதலில் முழங்கையால் தொட்டுப் பார்த்து, அப்புறம் அம்மாவின் முழங்காலில் ஊற்றுங்கள். அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருந்து பாதம் விறைத்திருந்தால் நேரே கால் வைக்கவே கூடாது, சூடு தெரியாமல் வெந்துவிடும். முட்டை அவிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். முட்டை வெள்ளைக்கரு கட்டியாகத் தொடங்குவதே 60 பாகைக்கு மேலேதான், ஆகவே முட்டையை வீட்டிலேயே அவித்துக் கொண்டு போங்கள்.

இலங்கையில் எரிமலை இல்லை, பிறகு எப்படிச் சூடு என்று பிள்ளைகள் கேட்பார்கள். மழைத் தண்ணீர் பாறை வெடிப்புகளால் ஆழத்துக்கு இறங்குகிறது. கீழே போகப் போகப் பூமி சூடு, பொதுவாக ஒரு கிலோமீற்றருக்கு 25 பாகை அளவில் கூடும். சூடான தண்ணீர் வேறொரு வெடிப்பால் ஆறுவதற்குள் மேலே வந்துவிடுகிறது. நாட்டின் வெந்நீர் ஊற்றுகளில் பெரும்பாலானவை மலைநாட்டுப் பாறைத் தொகுதியும் விஜயன் தொகுதியும் சேரும் எல்லையை ஒட்டியே கிடக்கின்றன.

சின்னச் சின்ன விடயங்கள்: செங்கலடியிலோ கொக்கட்டிச்சோலையிலோ டீசல் நிரப்பிக்கொள்ளுங்கள். உள்ளே போனால் சிக்னல் வந்து வந்து போகும், வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், பிட்டோ இடியப்பமோ பார்சல். வரும் வழியில் எருமைத் தயிர் வாங்குங்கள், சட்டியை வானின் கூரையில் கட்ட வேண்டாம். செருப்பு வேண்டாம், சப்பாத்து. அவசரம் என்றால் 1990 அம்புலன்ஸ், கட்டணம் இல்லை.

மூன்றாவது நாள் ஒன்று கிடைத்தால் அம்பாறைக்கு அப்பால் இங்கினியாகலவுக்குப் போய் சேனாநாயக்க சமுத்திரத்தில் படகு எடுங்கள். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் குளம், நாட்டிலேயே பெரியது. கல்முனை, சம்மாந்துறைப் பக்கத்து வயல்களுக்கு இங்கிருந்துதான் தண்ணீர் வருகிறது. 1954இல் அறிவித்த கல்லோயா தேசியப் பூங்கா இதைச் சுற்றி இருக்கிறது. தீவுக்குத் தீவு நீந்தும் யானைகளைப் படகிலிருந்து பார்க்கலாம். படுவான்கரை வீதியில் பார்ப்பதை விட நூறு மடங்கு பத்திரம். டிக்கட் வனஜீவராசிகள் திணைக்களத்துடையது. கனடாக் கடவுச்சீட்டுக்காரருக்கு வெளிநாட்டுக் கட்டணம், உள்ளூர்க் கட்டணத்தை விடப் பல மடங்கு. தங்கச்சியிடம் இரட்டைக் குடியுரிமையோ அடையாள அட்டையோ இருந்தால் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள், கவுண்டரில் கேட்டுப் பார்க்கலாம்.